ஒரு அறை, ஒரு சாவி: மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

‘டயல் எம் ஃபார் மர்டர்’ பார்த்துவிட்டு நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். “நல்லாத்தான் இருக்கு மாமா, ஆனா ஒரே ரூம்ல உட்கார்ந்து பேசிக்கிட்டே இருக்காங்களே” என்கிறாய். நீயும் ஒரே வீட்டுக்குள் முடிகிற குறும்படம் எடுக்கப் போகிறாய் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் போடுகிறேன். படம் பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. முடிவு வரை எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன்.

பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்பது உண்மைதான். மூலமே மேடை நாடகம். ஃபிரெடெரிக் நாட் எழுதியதை முதலில் நாடகத் தயாரிப்பாளர்கள் யாரும் சீண்டவில்லை. 1952 மார்ச்சில் பிபிசி தொலைக்காட்சியில் வந்தது, ஜூனில் லண்டன் மேடை ஏறியது, அக்டோபரில் நியூயார்க் பிராட்வேக்குப் போனது. அங்கே மட்டும் 552 காட்சிகள். 1954-ல் இயக்குநர் ஹிட்ச்காக் படமாக எடுத்தபோது திரைக்கதையையும் நாட்தான் எழுதினார். இன்ஸ்பெக்டராக வரும் ஜான் வில்லியம்ஸும், கொலை செய்ய வரும் ஆன்டனி டாசனும் பிராட்வேயில் அதே வேடங்களில் நடித்தவர்கள்.

இப்போது நீ ‘பேச்சு’ என்று சொல்லும் காட்சிக்கு வருவோம். மனைவியைக் கொல்லத் திட்டமிடும் முன்னாள் டென்னிஸ் வீரன் டோனி, பழைய கல்லூரித் தோழன் ஸ்வானை, கார் வாங்க வேண்டும் என்று பொய் சொல்லி வீட்டுக்கு வரவழைக்கிறான். மனைவி மார்கோவுக்கு வந்த காதல் கடிதத்தைப் பற்றிச் சொல்லும்போது அந்தக் கடிதத்தையே கீழே நழுவ விடுகிறான். ஸ்வான் குனிந்து எடுத்துக் கொடுக்கிறான். அவ்வளவுதான், கைரேகை விழுந்தாயிற்று. அதன்பிறகு ஸ்வான் தொட்ட இடங்களையெல்லாம் டோனி கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே பேசுகிறான். குரல் உயரவில்லை, ஆனால் மிரட்டல்தான். ஆயிரம் பவுண்டுக்கு ஒரு கொலை பேசி முடிக்கப்படுகிறது. கொலைத் திட்டத்தை விளக்கும்போது ஹிட்ச்காக் கேமராவைக் கூரைக்குக் கொண்டுபோய்விடுகிறார். மேலிருந்து பார்த்தால் இதுதான் கதவு, இதுதான் மேசை, இதுதான் திரைச்சீலை என்று அறை முழுக்க நமக்குப் பாடமாகிவிடுகிறது.

இதில்தான் விஷயமே இருக்கிறது. நம் ஊர் மர்மப் படங்களில் கொலைகாரன் யார் என்பதைக் கடைசி ரீல் வரை பொத்திப் பொத்தி வைப்பார்கள். இவர்கள் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். யார், எப்போது, எந்தத் திரைக்குப் பின்னால், சாவி எங்கே, ஒன்றும் மிச்சமில்லை. சொல்லிவிட்டதால் நாமும் அந்தத் திட்டத்தில் ஒரு கூட்டாளி ஆகிவிடுகிறோம். கொலை இரவன்று டோனியின் கைக்கடிகாரம் நின்றுவிடுகிறது. அவன் ஃபோன் பண்ண, மார்கோ அதை எடுக்க வரும்போது ஸ்வான் பாய வேண்டும் என்பதுதான் திட்டம். அவசரமாக ஃபோன் பண்ண ஓடினால், பூத்தில் வேறு யாரோ பேசிக்கொண்டிருக்கிறான். இங்கே வீட்டில் காத்துக் காத்துச் சலித்துப்போன ஸ்வான் கிளம்பப் பார்க்கிறான். அந்த நேரத்தில் நீ என்ன நினைத்தாய்? உண்மையைச் சொல். “சீக்கிரம் ஃபோனை வைடா” என்றுதானே? ஒரு பாவமும் அறியாத பெண்ணைக் கொல்லப் போகிறவன் லேட் ஆகிவிட்டானே என்று நாம் பதறுகிறோம். நான் பார்த்த ஒவ்வொரு முறையும் எனக்கு இது நடந்திருக்கிறது, வெட்கமாகவும் இருந்திருக்கிறது.

கத்தரிக்கோலையும் கவனி. மார்கோ அன்று சினிமாவுக்குப் போகலாம் என்றுதான் இருந்தாள். அவள் வெளியே போனால் திட்டம் பாழ். அதனால் தன் டென்னிஸ் காலத்துப் பத்திரிகைத் துணுக்குகளை வெட்டி ஒட்டித் தரச் சொல்லி டோனிதான் அவளை வீட்டில் உட்கார வைக்கிறான். அந்த வேலைக்கு வந்த கத்தரிக்கோல்தான் மேசைமேல் கிடந்து, தற்காப்புக்கு மார்கோ குத்த, ஸ்வானின் முதுகில் இறங்குகிறது. தற்செயல் என்று கதாசிரியர் எங்கேயும் நழுவவே இல்லை பார்த்தாயா? டோனி செய்கிற ஒவ்வொரு கெட்டிக்காரத்தனமும் அவனுக்கே திரும்பி வருகிறது.

சாவி இதைவிட அழகு. மாடிப்படிக் கம்பளத்துக்கு அடியில் மார்கோவின் சாவியை டோனி வைத்துவிட்டுப் போகிறான். வேலை முடித்துத் திரும்பும்போது ஸ்வான் அதை அங்கேயே வைத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் ஸ்வான் கதவைத் திறந்த கையோடு சாவியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வருகிறான். டோனிக்கு இது தெரியாது. பிணத்தின் பையில் இருந்த சாவியை எடுத்து மார்கோவின் கைப்பையில் போட்டுவிடுகிறான். அது ஸ்வானுடைய சொந்த வீட்டுச் சாவி! அந்த ஒரு சின்னச் சாவியின் மேல்தான் கடைசிப் பகுதி முழுவதும் நிற்கிறது. டோனி அந்தக் கைப்பைச் சாவியால் கதவைத் திறக்க முயல்கிறான், திறக்கவில்லை, நடந்து போகிறான். உள்ளே இன்ஸ்பெக்டரும் மார்கோவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கம்பளத்தடியில் சாவி இருப்பது திட்டம் போட்டவனுக்குத்தான் தெரியும்; யோசித்துத் திரும்பி வந்து கம்பளத்தைத் தூக்கினான் என்றால் மாட்டினான். துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை, ஒரு மனிதன் யோசிப்பதுதான் கிளைமாக்ஸ்.

மேடை நாடகத்தைப் படமாக்குகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு என்று ஹிட்ச்காக் பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவிடம் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். மேடையில் ஒருவன் வெளியிலிருந்து உள்ளே வந்தால், படத்தில் அவன் டாக்ஸியில் வருவது, இறங்கிக் காசு கொடுப்பது, படியேறுவது என்று நீட்டி முழக்கிவிடுகிறார்கள் என்பார். நாடகத்தின் பலமே அது ஓரிடத்தில் அடைபட்டிருப்பதுதான் என்பது அவர் கட்சி. ஸ்வானைக் கொன்றதாக மார்கோ மேல் நடக்கும் விசாரணையைக்கூட நீதிமன்றம் கட்டி எடுக்கவில்லை, கவனித்தாயா? மார்கோவாக வரும் கிரேஸ் கெல்லியின் முகம், பின்னால் மாறும் வண்ண வெளிச்சம், குரல்கள், தூக்குத் தண்டனை. பட்ஜெட் இல்லாத உனக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. கெல்லியின் உடைகளும் பளிச்சென்ற நிறங்களில் தொடங்கிப் படிப்படியாக மங்கிக்கொண்டே போகும்.

இன்னொன்று, இது 3டி படம். ஸ்டூடியோ வற்புறுத்தியது, ஹிட்ச்காக்குக்கு அதில் பெரிய ஆர்வமில்லை. அதனால் பொருள்களை நம் மேல் எறியாமல், விளக்கு, பாட்டில் என்று முன்னால் வைத்து அறையின் ஆழத்தை மட்டும் காட்டினார். கத்தரிக்கோலைத் தேடி நீளும் அந்தக் கைதான் பெரிய விதிவிலக்கு. படம் வெளிவந்தபோது 3டி மோகம் வடிந்துவிட்டது, பெரும்பாலோர் சாதாரணமாகவே பார்த்தார்கள்.

குறையே இல்லையா என்றால் உண்டு. காதலன் மார்க்காக வரும் ராபர்ட் கம்மிங்ஸ் சப்பென்று இருக்கிறார். டோனியாக ரே மில்லண்ட் அத்தனை வசீகரமாக இருக்கும்போது எதிரே இவர் எடுபடவே இல்லை. ஆனாலும் மார்க்குக்கு ஒரு பிரமாதமான காட்சி இருக்கிறது. மார்கோவைக் காப்பாற்ற ஒரு பொய்க்கதை ஜோடித்து, “நான்தான் ஆளை ஏவினேன் என்று போலீஸில் சொல்லிவிடு” என்று டோனியிடமே கெஞ்சுவான். அவன் கற்பனை செய்து சொன்னது அத்தனையும் நிஜம். அதைக் கேட்கிற மில்லண்டின் முகத்தை இன்னொரு தரம் போய்ப் பார்.

1985-ல் சத்யராஜ் நடித்த ‘சாவி’ இந்தக் கதையின் தமிழ்த் தழுவல்தான். கிடைத்தால் அடுத்து அதைப் பார்த்துவிட்டுச் சொல். அப்புறம், உன் திரைக்கதையை அனுப்பும்போது வீட்டின் வரைபடத்தையும் சேர்த்து அனுப்பு. எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரியாமல் என்னால் படிக்க முடியாது.

அன்புடன்,
மாமா