மூன்று ஹாலிஃபாக்ஸ்

கண்ணு,

லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் மாடல் கிட் ஒன்று வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்மா. லங்காஸ்டர் செய்ய உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. நிஜ லங்காஸ்டரிலேயே இரண்டு இன்னும் பறக்கின்றன. அதே இரண்டாம் உலகப்போரில் அதே வேலையைப் பார்த்த ஹேண்ட்லி பேஜ் ஹாலிஃபாக்ஸ் 6,176 தயாரானது. இன்று பறக்க ஒன்றுகூட இல்லை. நான் செய்யப்போவது அதைத்தான். மூன்று செய்வதாகத் திட்டம்.

எதற்கு மூன்று என்று அம்மாவும் கேட்டாள். பெயர் ஒன்றுதான். ஆனால் 1942-இல் பறந்ததையும் 1944-இல் பறந்ததையும் பக்கத்தில் வைத்தால் வேறு வேறு விமானம் என்றே தோன்றும். எந்த ஸ்குவாட்ரன் (விமானப்படைப் பிரிவு), எந்த மாதம் என்று முடிவு செய்யாமல் கத்தியை எடுத்தால், ஒன்றின் மூக்கும் இன்னொன்றின் வாலும் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதனால் இப்போதைக்கு நோட்டும் பென்சிலும்தான்.

எல்லாவற்றையும்விட அந்த வால்தான் என்னைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆரம்பகால ஹாலிஃபாக்ஸின் இரண்டு நிமிர்ந்த வால்களும் முக்கோணம். ஒரு பக்க எஞ்சின் நின்றுபோனாலோ, எதிரியிடமிருந்து தப்ப விமானி சடாரென்று திருப்பினாலோ, விமானம் பக்கவாட்டில் சறுக்கும். அப்போது காற்றே சுக்கானை ஒரு கோடிக்குத் தள்ளி அங்கேயே அழுத்திப் பிடித்துக்கொள்ளும். விமானி முழு பலத்தோடு மிதித்தாலும் அது திரும்பாது. சுழன்றுகொண்டே கீழே போக வேண்டியதுதான். குண்டு படாமலே இப்படிச் செத்தவர்கள் உண்டு. 1943-இல்தான் ஆங்கில 'டி' (D) எழுத்து மாதிரி பெரிய, சதுரமான வால் வந்தது. என் மேஜையில் அது ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு. அதை வெட்டும்போது யாருக்காக அந்த வடிவம் மாறியது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் மாடல் டபிள்யூ 1048 என்ற எண் கொண்ட விமானம், மார்க் 2 (இரண்டாம் வகை), முக்கோண வால். 1942 ஏப்ரலில் நார்வேயில் நின்ற ஜெர்மன் போர்க்கப்பல் டிர்பிட்ஸைத் தாக்கப் போய், அடிபட்டு, உறைந்த ஹோக்லிங்கன் ஏரியின்மேல் இறங்கியது. உள்ளே இருந்த அத்தனை பேரும் பிழைத்தார்கள். பனி உடைந்து விமானம் மூழ்கியது. 1973-இல்தான் வெளியே எடுத்தார்கள். லண்டன் ஹென்டன் அருங்காட்சியகத்தில் அதைப் புதுப்பிக்காமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம் செய்தார்கள். மற்ற இரண்டுக்கும் பாதி ஊகம்தான். இதற்கு நிஜமே முன்னால் நிற்கிறது.

இரண்டாவது, 102-ஆம் ஸ்குவாட்ரன். முழுப்பெயர் '102 (சிலோன்) ஸ்குவாட்ரன்'. நம் பக்கத்துத் தீவின் பெயரைச் சுமந்துகொண்டு யார்க்ஷயரின் பாக்லிங்டனிலிருந்து பறந்தவர்கள். 1943 கடைசியில் இருந்த நிலை: டி வால், முன்மூக்கில் துப்பாக்கிக் கூண்டை எடுத்துவிட்டுக் கண்ணாடி மூக்கு, இன்னும் மெர்லின் எஞ்சின்தான். 1944 பிப்ரவரியில் ஜெர்மனியின் லைப்ஸிக் நகரத்தின் மேல் போன ஒரே இரவில் 78 விமானங்கள் திரும்பவில்லை. அதன்பின் மெர்லின் ஹாலிஃபாக்ஸ்களை ஜெர்மனிக்கு அனுப்புவதையே நிறுத்தினார்கள்.

மூன்றாவது மார்க் 3: ஹெர்குலிஸ் எஞ்சின், முன்பக்கம் அகன்ற வட்ட மூடி. யார்க்ஷயரின் லிசெட்டிலிருந்து 128 முறை போய்வந்த, 'ஃப்ரைடே த தர்ட்டீன்த்' என்று பெயர் வைத்த விமானம். இறக்கையில் மட்டும் கவனம் வேண்டும். மார்க் 3-இல் முதலில் வந்தவற்றுக்குப் பழைய வெட்டு நுனி. பிறகுதான் நீட்டி உருட்டினார்கள். நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு அளவில் (1/72) இறக்கை அகலம் முன்னதுக்கு 42 செ.மீ., பின்னதுக்கு 44. அலமாரியில் இடம் அளந்துவிட்டேன், போதும்.

அடிப்பாகம் மூன்றுக்கும் கறுப்பு. கறுப்பு எல்லாக் குறையையும் காட்டிக்கொடுக்கும். ஒட்டிய கோட்டில் பட்டி வைத்து, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, விரலால் தடவினால் ஒன்றும் தட்டக் கூடாது. மழை விட்டபிறகுதான் பெயின்ட்.

குண்டுபோடுகிற விமானத்தை ஏன் இவ்வளவு ஆசையாகச் செய்கிறாய் என்று நீ ஒருமுறை கேட்டாய். பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டில் 55,573 பேர் செத்தார்கள், பெரும்பாலும் உன் வயதுகூட ஆகாதவர்கள். அவர்கள் குண்டு போட்ட ஜெர்மன் நகரம் ஹாம்பர்கில் 1943 ஜூலையில் தீயில் போன குடும்பங்கள் பல ஆயிரம். இரண்டையும் மறைக்காமல் சொல்லும் ஒரு சீட்டை மாடலுக்குப் பக்கத்தில் எழுதி வைப்பேன். ஆசை அந்தக் குண்டின்மேல் இல்லை, கண்ணு. உயிரைக் காப்பாற்ற ஒரு வாலைத் திருத்திய வேலையின்மேல்.

சரி, எனக்கு உன் உதவி வேண்டும். உன் யார்க் வீட்டுக்குப் பக்கத்தில் எல்விங்டன் அருங்காட்சியகத்தில் ஒரு ஹாலிஃபாக்ஸ் இருக்கிறது. லூயிஸ் தீவில் கோழிக்கூடாகக் கிடந்த உடல்பகுதியை எடுத்து, ஹேஸ்டிங்ஸ் விமானத்தின் இறக்கையைப் பொருத்திச் செய்தது. டி வாலைப் பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் படம் எடு. சுக்கானின் கீல்கள் தெரிய வேண்டும். எஞ்சின் மூடியின் பின்விளிம்பும் வேண்டும். அப்புறம், லண்டன் போகும்போது ஹென்டனில் டபிள்யூ 1048-இன் பழைய பெயின்டைக் கிட்டப் போய் எடு, ஃப்ளாஷ் போடாமல். குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போ.

அன்புடன்,
அப்பா