பெரிய டயர் விஷயமாக நம் வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தலவாக்கலையிலிருந்து நானுஓயா வரைக்கும் ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டிருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். கேட்காதவர்கள் தேடிப்போய்க் கேட்க வேண்டாம். "கணக்குத் தெரியாத கடையில் டயர் போட்டேன், கெப் நாசமாகிவிட்டது" என்று டபல் கெப் பிக்கப் வைத்திருக்கிற ஒரு தம்பி அதில் பேசுகிறார். பெயர் எழுதப்போவதில்லை. அவருடைய அப்பா கொழுந்து லொறி ஓட்டிய காலத்திலிருந்து நம்மிடம்தான் டயர் மாற்றினார்.

நாசமாகிவிட்டது என்றதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். கணக்குத் தெரியாது என்றாரே, அதுதான் தொண்டையில் நிற்கிறது. கடைக்கு வந்துபோன எல்லாரும் பார்த்திருப்பீர்கள், கொம்பிரசருக்குப் பக்கத்துச் சுவர் முழுக்க என்னுடைய சோக் கணக்குத்தான். வெள்ளையடிக்கக்கூட விட்டதில்லை.

அவருடைய கணக்கை இங்கேயும் எழுதிவிடுகிறேன். அவருடைய டபல் கெப்பில் முதலில் இருந்தது 265/65, 17 அங்குல ரிம். 265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்றால், அந்த அகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு டயரின் பக்கச்சுவர் உயரம், 172 வரும். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் ரிம்முக்கு 432. கூட்டினால் 776. அவர் கேட்டது 285/70. அதே கணக்கில் 831. வித்தியாசம் 55. அதில் பாதி, 27 சொச்சம், வண்டியைத் தரையிலிருந்து தூக்கும். மற்றப் பாதி மட்காட்டுக்குள் ஏறும். முன்னுக்கும் பின்னுக்கும் அதே 27 நெருங்கும், அகலத்திலும் 20 கூடும். இத்தனையும் அவர் முன்னாலேயே சுவரில் எழுதினேன். இன்னும் அழிக்கவில்லை, வந்து பார்க்கலாம்.

265/70 போடுங்கள், 803தான் வரும், லிஃப்ட், அதாவது வண்டியை உயர்த்துகிற செட், இல்லாமலே உங்கள் வண்டியில் நிற்கும் என்று சொன்னேன். "மாமா, கூட்டாளியின் வண்டியில் 285 நிற்கிறதே" என்றார். நிற்கத்தான் செய்யும். நிற்கிற வண்டியில் எந்த டயரும் இடிக்காது. கடைசியில் 285ஐத்தான் பூட்டினோம்.

இடிப்பது எப்போது? ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, முன்சக்கரம் ஒரு மேட்டில் ஏறி, சொக்ஸ் (ஷொக் அப்சோபர்) அமுங்கும்போது. டயரின் பின்தோள், அதாவது பின்பக்க ஓரம், மட்காட்டின் உட்பக்கப் பிளாஸ்டிக்கில் உரசும், முன்தோள் பம்பரின் மூலையில். கொழும்புப் பக்கம் ஓடுகிற வண்டிக்கு இது மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் பெரிது. நமக்குத் தோட்டத்து ரோட்டில் இறங்கினால் வளைவுக்கு வளைவு அதுதான். அதிலும் இறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே ஒடிக்கிறோம், பாரமெல்லாம் முன்னுக்கு வந்துவிடுகிறது.

போதாததற்கு, அவர் வேறு இடத்தில் வாங்கிக் கொண்டுவந்த ரிம், பழைய ரிம்மைவிட 30 மில்லிமீட்டர் வெளியே தள்ளியிருந்தது. டயர் வெளியே போனால் உள்ளே இடிக்காது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். உள்பக்கத்துக் கம்பிகளுக்கு அது சரி. ஆனால் அகலமான கதவு திறக்க அதிக இடம் கேட்பது மாதிரி, வெளியே போன சக்கரம் ஒடியும்போது பெரிய வட்டம் போடும். மட்காட்டின் விளிம்பைத் தேடிப்போய் இடிக்கும். ஸ்டியரிங்கும் பாரமாகும், பெயரிங்குக்கும் நல்லதில்லை.

பிளாஸ்டிக்கைக் கேட்காமல் அறுத்தோம் என்பதும் அந்தப் பதிவில் வருகிறது. இரண்டு விரல் அகலம் அறுத்தோம். டோர்ச் பிடித்தவர் அவர்தான். அன்று பின்னேரம் மழை பிடித்துக்கொண்டதாலும், நம் பெரிய மெக்கானிக் பாஸ் அந்தக் கிழமைதான் கட்டார் போயிருந்ததாலும், முன்சக்கரத்தைக் கட்டையில் ஏற்றி, ஒடித்து உரசுகிறதா என்று பார்ப்பது மட்டும் விடுபட்டுவிட்டது.

லிஃப்ட் விற்பதற்காகப் பயம் காட்டுகிறோம் என்று சிலர் சொல்கிறார்களாம். நாம் லிஃப்ட் விற்பதே இல்லை. அதைப் போட்டாலும் எல்லாம் தீராது. வண்டி உயரும், ஆனால் ஒடிக்கும்போது பின்தோள் உரசுகிற இடம் அப்படியேதான் இருக்கும்.

உரசலைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள், மற்றதை யாரும் கேட்பதில்லை. 831க்குப் போனால் மீட்டர் 60 காட்டும்போது வண்டி 64இல் ஓடும். கியர் எல்லாம் நீண்டுவிடும். ஏற்றத்தில் இழுவை குறையும், இறக்கத்தில் எஞ்சின் பிடிப்பதும் குறையும், பிரேக் அதிகம் மிதிக்க வேண்டிவரும். ஸ்பெயர் டயர் பழைய அளவிலேயே இருந்தால், அதைப் போட்டுக்கொண்டு ஃபோர்வீல் போடவே வேண்டாம்.

சரி. 2025 நவம்பர் புயலுக்குப் பிறகு ரோடுகள் இருந்த நிலைமையில் வண்டியை உயர்த்த ஆசைப்படாதவர் யார்? அந்தத் தம்பியின் ஆசையைக் குறை சொல்லவில்லை.

உங்களுக்கெல்லாம் நன்றி சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. 2022இல் டீசலுக்கு வரிசையில் கிடந்த நாட்களில் பஞ்சர் ஒட்டித்தான் இந்தக் கடை பிழைத்தது. பஞ்சருக்கு வந்தவர்கள் எங்களுக்குத் தேத்தண்ணீரும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். மீதிக் காசு வேண்டாம் என்றவர்களும் உண்டு. அந்தக் குரல் பதிவைக் கேட்டுவிட்டு, "அண்ணே, நாங்க நம்பல" என்று நேரில் வந்து சொன்ன மரக்கறி லொறிக்காரர்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

இனி யார் பெரிய அளவு கேட்டாலும், டயரைப் பூட்டி, மட்காட்டின் உள்ளே சோக் பூசி, ஒரு முன்சக்கரத்தைக் கட்டையில் ஏற்றி, இரண்டு பக்கமும் ஒடித்துக் காட்டுவோம். சோக் அழிந்த இடம் டயர் தொட்ட இடம். நீங்களே குனிந்து பார்த்துத் தீர்மானிக்கலாம். இதற்கு முக்கால் மணித்தியாலம் கூடுதலாகப் பிடிக்கும், கூலியும் கொஞ்சம் மாறியிருக்கிறது, பட்டியல் கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறது.

அந்தத் தம்பிக்கு: ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைக் கொண்டுவாருங்கள். கட்டை எடுத்து வைத்திருக்கிறேன், அறுத்த பிளாஸ்டிக்குக்குப் பதில் புதிது நம் செலவில். முடிந்தால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்த்து நாளாகிறது.

இப்படிக்கு,
உங்கள் டயர் கடைக்காரர்,
தலவாக்கலை.