நமது வீகன் சங்கத்தின் ஆண்டறிக்கை (பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தது)

தலைவர், துணைத்தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள், நேரத்துக்கு வந்த உறுப்பினர்கள், இன்னும் வந்துகொண்டிருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கூட்டம் பத்து மணிக்கு என்று சுற்றறிக்கை அனுப்பினோம். கூட்டம் நடத்தப் போதுமான ஆட்கள் (கோரம்) சேரப் பத்தே முக்கால் ஆயிற்று. இதையெல்லாம் அறிக்கையில் சேர்க்க வேண்டுமா என்று தலைவர் கேட்டார். நேற்று இரவே எழுதிவிட்டேன் என்றேன். போன ஆண்டும் பத்தே முக்கால்தான்.

வழக்கமான விவரங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு ஒன்பது முறை கூடியது. மாதாந்திர அறிமுகக் கூட்டங்கள் நடந்தன. சமையல் வகுப்புகள் மூன்று. மூன்றுக்கும் நல்ல கூட்டம். நூலகத்துக்குப் பன்னிரண்டு புத்தகங்கள் வந்தன, பதினாறு திரும்பி வரவில்லை. பதிவேட்டில் இப்போது 83 பேர் இருக்கிறோம். வீகன் என்றால் இறைச்சி மட்டுமல்ல, பால், முட்டை, தோல் என விலங்கிலிருந்து வரும் எதையும் தவிர்ப்பது. பெயர்ப்பலகையில் 'வீகன்' என்பதை எடுத்துவிட்டு 'நனிசைவம்' என்று எழுத வேண்டும் என்ற தீர்மானம் மூன்றாவது ஆண்டாக ஒத்திவைக்கப்பட்டது.

ஜூன் மாதம் ஊட்டச்சத்து நிபுணர் ஒருவர் வந்து பேசினார். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்ததை அவர் சொன்னபோது எல்லோரும் பலமாகத் தலையாட்டினோம். அப்புறம், "வைட்டமின் பி12 மாத்திரை ஒழுங்காகப் போடுகிறவர்கள் கை தூக்குங்கள்" என்றார். பாதிக் கைகூட எழவில்லை. செடிகொடியிலிருந்து நம்பும்படியான அளவில் பி12 கிடைக்காது. மாத்திரை வேண்டும், இல்லாவிட்டால் அது சேர்க்கப்பட்ட உணவு வேண்டும். ஐந்து ஆண்டாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாத்திரை போடாமல் இருப்பது வைராக்கியத்தில் சேராது. பி12 குறைந்து ஒருவருக்கு நரம்பு கெட்டால் கூடவே சங்கத்தின் பெயரும் கெடும்.

இனி கண்காட்சி. இதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். என் மேல் வந்த புகார்களில் பெரும்பாலானவை இதைப் பற்றியவை.

'வீகன்' என்ற சொல் 1944-இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவரோடு சேர்ந்த ஒரு சிலரும் உண்டாக்கியது. அவர்கள் தொடங்கிய சங்கம் இன்று தரும் விளக்கத்தில் மூன்று பேருக்கு நன்மை சொல்லப்படுகிறது: விலங்குகள், மனிதர்கள், சுற்றுச்சூழல். நம் கூட்டங்களில் முதலாவது எப்போதும் வரும், மூன்றாவது அவ்வப்போது வரும். நடுவில் இருப்பது மட்டும் எங்கோ தொலைந்துவிடுகிறது. அதைத் தேடிப் பிடிக்க மார்ச் மாதச் செயற்குழுவில் ஒரு யோசனை வைத்தேன். பன்னிரண்டு பலகைகள், தூக்கிக்கொண்டு போய் எங்கும் வைக்கலாம், தலைப்பு 'தட்டுக்குப் பின்னால் யார்?'

எதிர்ப்பு வந்தது. மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "நாம் வாயில்லா ஜீவன்களுக்காகக் கூடியவர்கள். வாயுள்ள மனிதர்களுக்குத் தொழிற்சங்கம் இருக்கிறது" என்றார். நல்ல வாக்கியம், கைதட்டலும் கிடைத்தது. ஆனால் அமெரிக்கக் கோழி இறைச்சி ஆலைகளைப் பற்றி ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவனம் 2016-இல் வெளியிட்ட அறிக்கை என்ன சொல்கிறது? வரிசையை விட்டு நகர்ந்து கழிப்பறைக்குப் போக அனுமதி கிடைக்காததால் சில தொழிலாளர்கள் டயப்பர் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார்கள். வாய் இருந்து என்ன பயன்? தீர்மானம் ஐந்துக்கு நான்கு என்று நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்த நால்வரும் அன்றிலிருந்து செயற்குழுவுக்கு வரவில்லை. காரணம் அதுதான் என்று நான் சொல்லவில்லை.

பலகைகளை முழுதாகப் படித்தவர்கள் நம்மிடையே குறைவு என்பதால் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். மூன்றாவது பலகை இறைச்சி ஆலைக்குள் நடப்பது. 2020-இல் கோவிட் பரவியபோது உலகமே வீட்டுக்குள் இருந்தது, அந்த ஆலைகளில் தோளோடு தோள் நின்று வேலை நடந்தது. அமெரிக்காவின் ஐந்து பெரிய இறைச்சி நிறுவனங்களில் மட்டும் குறைந்தது 59,000 தொழிலாளர்களுக்குத் தொற்று, 269 பேர் மரணம் என்று அந்த நாட்டு நாடாளுமன்றக் குழு ஒன்று 2021-இல் எழுதியது. ஜெர்மனியிலும் அதே கதை. ஆனால் அங்கே அரசு விழித்துக்கொண்டு, இறைச்சி வெட்டும் வேலைக்கு வெளி ஒப்பந்தத் தொழிலாளர்களை வைப்பதை 2021 ஜனவரியிலிருந்து தடை செய்தது. 2023-இல் அமெரிக்காவில் இன்னொன்று வெளியே வந்தது. எட்டு மாநிலங்களில் இறைச்சி ஆலைகளை இரவில் கழுவிச் சுத்தம் செய்த ஆட்களில் 102 பேர் 13 முதல் 17 வயதுக் குழந்தைகள். எலும்பு அறுக்கும் ரம்பத்தைக் கழுவும் வேலை. இதை எழுதிய இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏழாவது பலகை பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றியது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பன்றிப் பண்ணைகளில் கழிவைத் திறந்த குளங்களில் தேக்கி, வயலில் பீய்ச்சி அடிக்கிறார்கள். காற்று திரும்பினால் துவைத்துக் காயப்போட்ட துணியைத் திரும்பத் துவைக்க வேண்டும். அந்தச் சுற்றுவட்டத்தில் வாழ்கிறவர்களில் கறுப்பின மக்களும் பூர்வகுடிகளும் மற்ற இடங்களைவிட அதிகம். தற்செயல் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளலாம். எட்டாவது தோல். டாக்காவின் ஹசாரிபாக் தோல் பதனிடும் பகுதியைப் பற்றி மனித உரிமை கண்காணிப்பகம் 2012-இல் அறிக்கை எழுதியது; ரசாயனத்தில் வெறுங்காலோடு நின்றவர்கள், அதில் சிறுவர்கள். தோல் செருப்பு போடாததை நம்மில் பலர் மாட்டுக்காகச் செய்கிறோம். அந்தக் காலையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம் என்பதுதான் அந்தப் பலகை.

ஐந்தாவது பலகை நிலக் கணக்கு. அதைப் பொருளாளர் அளவுகோல் வைத்து வரைந்தார், அவருக்கு நன்றி. 119 நாடுகளில் சுமார் 38,700 பண்ணைகளின் விவரம் திரட்டி 2018-இல் வெளியான ஆய்வின்படி, உலக விவசாய நிலத்தில் ஏறத்தாழ 83 சதவீதம் இறைச்சி, பால், முட்டை, வளர்ப்பு மீன் ஆகியவற்றுக்குப் போகிறது. அவற்றிலிருந்து நமக்குத் திரும்பி வருவது கலோரியில் 18 சதவீதம், புரதத்தில் 37. அந்த 83 சதவீதம் பெரிய சிவப்புக் கட்டமாகவும், மீதி நிலம் சின்னப் பச்சைக் கட்டமாகவும் பலகையில் இருந்தது. ஒரு சிறுமி பச்சைக் கட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிப் பார்த்துவிட்டு, "மீதி எல்லாம் இதுக்குள்ளயா விளையுது?" என்று கேட்டாள். நாங்கள் எழுதிய விளக்கத்தைவிட அது தெளிவு.

இதே பலகையில் ஒரு தவறையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சிவப்புக் கட்டம் முழுவதும் பயிர் விளையக்கூடிய நிலம் என்பதுபோல எழுதியிருந்தேன். விவசாயி ஒருவர் நின்று படித்துவிட்டு, "மேய்ச்சல் காட்டில் பாதி ஏர் இறங்காத இடம் சார்" என்றார். உண்மைதான், திருத்திவிட்டேன். திருத்திய பிறகும் வாதம் நிற்கிறது: அந்த ஆய்வின் கணக்குப்படி, எல்லோரும் செடி உணவுக்கு மாறினால் தீவனத்துக்காக உழும் நிலத்திலேயே கணிசமான பகுதி விடுபடும். ஆனால் நிலம் மிஞ்சினால் பசி தானாகத் தீர்ந்துவிடும் என்று மேடையில் முழங்குவதை நாம் நிறுத்த வேண்டும். உணவு இருந்தும் வாங்கக் காசில்லாமல்தான் பெரும்பாலோர் பட்டினி கிடக்கிறார்கள். 1948 மனித உரிமைப் பிரகடனத்தின் 25-ஆவது பிரிவு உணவை உரிமை என்கிறது. நம்முடைய பங்கு அந்த உரிமைக்குக் குறுக்கே நிற்கும் ஒரு தடையை நகர்த்துவது. ஒன்றைத்தான், எல்லாவற்றையும் இல்லை.

கண்காட்சிக்கு டிசம்பர் 10, மனித உரிமை நாளைத் தேர்ந்தெடுத்தோம். வாட்ஸப் குழுவில் உதவிக்கு வருவதாக 31 பேர் கட்டைவிரல் காட்டினார்கள். வந்தவர்கள் ஆறு பேர். ஒருவர் சாவியை மறந்துவிட்டு வந்தார், இன்னொருவர் அவரை அழைத்துக்கொண்டு திரும்பிப் போனார். ஆக நான்கு. பன்னிரண்டு பலகைகளையும் இரண்டு மாடி ஏற்றியது அந்த நான்கு பேர். கட்டைவிரலால் பலகை தூக்க முடியாது என்பதைப் பணிவோடு பதிவு செய்கிறேன்.

பிற்பகல் மூன்று மணி இருக்கும், கூட்டம் குறைந்துவிட்டது. அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் மூன்றாவது பலகை முன்னால் வெகுநேரம் நின்றார். சுட்டிக்காட்டும்போது விரலை நீட்டாமல் முட்டியால் தொட்டார். பிறகுதான் கவனித்தேன், வலது கை விரல்கள் பாதிக்கு மேல் மடங்கவும் இல்லை, முழுதாக நீளவும் இல்லை. ஒரு பெரிய ஆலையில் பதினோரு ஆண்டு வேலை பார்த்தவர்.

"கத்திக்காயம்னு போட்டிருக்கீங்க. காயம் ஆறிடும் சார். விரல் போனது குளிர்ல" என்றார். அறை எப்போதும் உறையும் குளிரில் இருக்கும், கையுறை நனைந்துவிடும், அதே பக்கம் அதே வெட்டு, ஒரு ஷிப்டில் ஆயிரக்கணக்கில். ராத்திரி சட்டைப் பொத்தானைக் கழற்றக்கூட மனைவி வர வேண்டுமாம். மார்க்கரைக் கொடுத்தேன். இடது கையால், கோணலாக, 'குளிர்' என்று பலகையின் மேல் ஓரத்தில் எழுதினார். அந்த எழுத்தை அழிக்கக் கூடாது என்று அன்றே குறித்து வைத்தேன்.

சோயா பால் தேநீர் கொடுத்தோம். இரண்டு உள்ளங்கையாலும் டம்ளரை அணைத்துப் பிடித்துக் குடித்தார். போகும்போது கேட்டார்: "ஆலையை மூடினா நீங்க சந்தோஷப்படுவீங்க. எனக்கும் அது மேல பாசம் கிடையாது. ஆனா என்கூட நானூறு பேர் நின்னாங்களே, அவங்க மறுநாள் எங்க போவாங்க சார்?"

பன்னிரண்டு பலகையிலும் இதற்குப் பதில் இல்லை. நானும் சொல்லவில்லை.

அடுத்து சாக்லேட் விவகாரம். இதில் என் பக்கத்தைச் சொல்ல இன்றுவரை வாய்ப்புக் கிடைக்கவில்லை. நவம்பர் 1, உலக வீகன் நாளில் பால் சேராத சாக்லேட் வழங்குவது என்று பொழுதுபோக்குக் குழு முடிவு செய்தது. கோகோ எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டது உண்மை. விழாவைக் கெடுத்தேன் என்பது மிகை. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளான கோட் டிவோரிலும் கானாவிலும் சுமார் 15.6 லட்சம் குழந்தைகள் கோகோ தோட்டங்களில் உழைப்பதாகச் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு நிறுவனம் 2020-இல் கணக்கிட்டது. அட்டையில் வீகன் முத்திரை இருப்பது உள்ளே பால் இல்லை என்பதற்குச் சான்று, குழந்தை இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. பிறர் தட்டைப் பற்றிப் பதினோரு பலகை எழுதிவிட்டு நம் தட்டைப் பற்றி ஒன்றுகூட எழுதாமல் இருக்க முடியாது என்றுதான் பன்னிரண்டாவது பலகையை அதற்கே ஒதுக்கினேன். அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் யாரும் இல்லை. சரி, இருக்கட்டும்.

நம் உரிமை பற்றியும் ஒரு வேலை நடந்தது. வீகன் கொள்கை மனச்சாட்சிச் சுதந்திரத்துக்குள் வரும் என்பதை ஐரோப்பிய மனித உரிமை ஆணையம் 1993-இலேயே ஒப்புக்கொண்டது. போர்ச்சுகல் 2017-இல் அரசு உணவகங்கள் அனைத்திலும் ஒரு வீகன் உணவாவது இருக்க வேண்டும் என்று சட்டமே போட்டது. இவற்றைக் காட்டி மருத்துவமனை ஒன்றுக்கும் விடுதி ஒன்றுக்கும் கடிதம் எழுதினோம். விடுதியிலிருந்து பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. மருத்துவமனையிலிருந்து வரவில்லை, இரண்டு நினைவூட்டல்கள் அனுப்பப்பட்டன.

வரவுசெலவை விரிவாகப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாக, வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, செலவு எதிர்பார்த்ததைவிடச் சற்றே கூடுதல், இடைவெளியை ஒரு நல்ல உள்ளம் கடனாகக் கொடுத்து நிரப்பியது. அந்த உள்ளம் யார் என்று அறிக்கையில் எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். கண்காட்சியால்தான் பற்றாக்குறை என்று பேச்சு அடிபடுகிறது. பலகைக்கான மரமும் வண்ணமும் நன்கொடை. 83 பேரில் சந்தா முழுதாகக் கட்டியவர்கள் 39 பேர். பற்றாக்குறை எங்கே இருக்கிறது என்பதை உறுப்பினர்களே கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

வழிநடத்திய தலைவருக்கும், ஒத்துழைத்த செயற்குழுவுக்கும், அரங்கம் கொடுத்தவர்களுக்கும், ஒலிபெருக்கி கொடுத்தவருக்கும், மாடிப்படியில் பலகை தூக்கிய நால்வருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்குப் பதில் தேட ஒரு துணைக்குழு வேண்டும். பண்ணையையும் ஆலையையும் விட்டு வெளியே வருகிறவர்களுக்கு என்ன வேலை, யார் கற்றுக்கொடுப்பது, அதுவரை யார் தாங்குவது என்று தொழிற்சங்கக்காரர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். மூன்று பேர் போதும். நான் ஆறு ஆண்டாக இந்தப் பொறுப்பில் இருக்கிறேன், வீட்டிலும் கேட்கிறார்கள். யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியோடு கோப்புகளை ஒப்படைப்பேன். யாரும் வராவிட்டால் துணைக்குழுவை மட்டுமாவது கொடுங்கள், பொறுப்பைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

பன்னிரண்டு பலகைகளும் இப்போது என் படுக்கையறைச் சுவரில் சாய்ந்திருக்கின்றன. வைக்க இடம் உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும். ரசீதுப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது. சில்லறையும் கொண்டுவந்திருக்கிறேன்.