மாமாவின் ஆலோலம் நியூயார்க் போன கதை

எடிசன், நியூ ஜெர்சி
பிப்ரவரி 4

அன்புள்ள கற்பகம்,

பொங்கலன்று நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டுவிட்டு மூன்று வாரமாகப் பதில் போடாமல் இருந்தது என் தப்புதான். திட்டுவதையெல்லாம் போனுக்கு வைத்துக்கொள், இப்போது படி. இங்கே எல்லோரும் சுகம். இவருக்கு முதுகு வலி பரவாயில்லை. சின்னவன் பனியில் சறுக்கி விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறான், பெரிதாக ஒன்றுமில்லை. ராணி மகள் கல்யாணத்துக்கு வர முடியாததை நீயே அவளிடம் பக்குவமாகச் சொல்லிவிடு. நான் சொன்னால் அந்தப் பட்டுப்புடவைக் கதையை மறுபடி ஆரம்பிப்பாள்.

எழுத உட்கார்ந்தது என் மகள் யாழினி விஷயமாக. இந்தக் கடிதத்தை உன் அப்பாவுக்கு, அதாவது என் மாமாவுக்கு, வாசித்துக் காட்டு. அவருக்குச் சேரவேண்டிய செய்தி ஒன்று இதில் இருக்கிறது. அதை முதலிலேயே சொன்னால் மிச்சத்தை நீ படிக்கமாட்டாய், அதனால் வரிசையாகவே வருகிறேன்.

போன கோடையில் புதுக்கோட்டை வந்தபோதே உன்னிடம் சொன்னேன், அவள் மியூசிக்கல் தியேட்டர் படிக்கப் போகிறேன் என்று நிற்பதை. "பாட்டு, நடிப்பு, ஆட்டம் மூன்றும் சேர்ந்த படிப்பா? அதற்குக் காலேஜா?" என்று நீ கேட்டாய். ஆமாம், காலேஜ்தான், நாலு வருஷப் பட்டம். அதில் சேர்வதற்கு இவ்வளவு பாடு என்று அப்போது எனக்குமே தெரியாது. மிச்சிகன், கார்னெகி மெல்லன், சின்சினாட்டி என்று பேர் பெற்ற இடங்களில் ஆயிரம் பேருக்கு மேல் மோதுவார்கள், எடுப்பது இருபது பேர், சில இடத்தில் அதற்கும் குறைவு. மார்க்கு பார்த்து உள்ளே விடுவது ஒரு வாசல், ஆடிஷன் பார்த்து விடுவது இன்னொரு வாசல். பல இடங்களில் இரண்டும் திறந்தால்தான் சீட்டு. அதனால் எல்லாப் பிள்ளைகளும் பத்துப் பதினைந்து கல்லூரிக்குப் போடுகிறார்கள். யாழினி பன்னிரண்டுக்குப் போட்டாள். விண்ணப்பத்துக்கு ஒரு கட்டணம், ஆடிஷனுக்குத் தனியாக ஒரு கட்டணம். அந்தக் கணக்கை உனக்கு எழுதி உன் தூக்கத்தையும் கெடுக்கவேண்டாம்.

முதல் கட்டம் பிரீஸ்கிரீன். நேரில் கூப்பிடுவதற்கு முன்னால் வீடியோ அனுப்பவேண்டும். செப்டம்பர், அக்டோபர் முழுக்க எங்கள் வீட்டு பேஸ்மெண்ட் ஸ்டுடியோவாகவே இருந்தது. சுவரில் இருந்த படங்களையெல்லாம் கழற்றினோம். ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு பாட்டு, ஒன்று பழைய காலத்து நாடகத்திலிருந்து, ஒன்று இந்தக் காலத்தது. ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம். அப்புறம் மோனோலாக், அதாவது ஒருத்தர் தனியாகப் பேசுகிற வசனம், அது அச்சில் வந்த நாடகத்திலிருந்துதான் இருக்கவேண்டும், சினிமா வசனம் கூடாது. ஒரு நடனம். எதையும் வெட்டி ஒட்டக்கூடாது, ஒரே மூச்சில் எடுக்கவேண்டும். கடைசி வரியில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் மறுபடி முதலிலிருந்து. ஒரே பாட்டை நாற்பத்தோரு தடவை எடுத்த ஞாயிற்றுக்கிழமை உண்டு.

வீடியோவுக்கு ஒன்றரை நிமிஷம் என்றால் நேரில் அதுவும் இல்லை. பாதி இடத்தில் 32 பார், சில இடத்தில் 16. ஒரு பாருக்கு நாலு எண்ணிக்கை என்று வைத்தால், 32 பார் என்பது நம் ஆதி தாளத்தில் பதினாறு ஆவர்த்தனம், பதினாறு சுற்று, அவ்வளவுதான். அதற்குள் பாட்டில் வருகிற பெண் யார், அவளுக்கு என்ன வேண்டும், பாட்டு முடியும்போது அவள் என்ன ஆனாள் என்று காட்டிவிடவேண்டும். ஆலாபனைக்கெல்லாம் இடமே இல்லையடி!

குரல்தான் பெரிய பாடு. பத்து வருஷம் கர்நாடக சங்கீதம் படித்த தொண்டை. சுருதி கம்பி மாதிரி நிற்கும். ஆனால் ஒவ்வொரு வரி முடிவிலும் தன்னை அறியாமல் ஒரு கமகம், ஸ்வரத்தை அசைக்கிற அந்த வளைவு, வந்து உட்கார்ந்துகொள்ளும். குரல் பயிற்சி தருகிற அம்மா, "ஸ்வரத்துக்கு வழுக்கிக்கொண்டு வராதே, நேராக அதன் மேலேயே வந்து நில்" என்று மூன்று மாதம் சொன்னார். இன்னொன்றையும் அவர்தான் கண்டுபிடித்தார். பாடும்போது இவளுடைய வலது கை தொடையில் மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு தட்டு, மூன்று விரல், அப்புறம் தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. நியூயார்க்கில் ஒரு காதல் தோல்விப் பெண் ஆதி தாளம் போட்டுக்கொண்டு அழுகிறாள்! கடைசியில் என் பழைய மோதிரத்தை அந்தக் கையில் போட்டுக்கொண்டு, கட்டை விரலால் அதைத் தொட்டபடியே பாடிப் பழகினாள். இப்போது கை அடங்கிவிட்டது.

நடனமும் அப்படித்தான். பரதநாட்டியத்தில் தரையை மிதித்து ஓசை எழுப்பினால் பெருமை. இங்கே குதித்து இறங்கினாலும் சத்தம் வரக்கூடாது. செருப்பு வாங்கப் போனால் "தோல் நிறம்" என்று எழுதி விற்கிற செருப்பு யாருடைய தோலின் நிறமோ. கடை கடையாகப் பார்த்துவிட்டு, பழுப்புப் பெயிண்டைக் கலந்து தன் கால் நிறத்துக்கு அவளே அடித்துக்கொண்டாள். சமையலறை மேஜையில் தலையைக் குனிந்துகொண்டு அவள் செருப்புக்குப் பெயிண்ட் அடித்ததைப் பார்த்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை. "அம்மா, இங்கே என்னை என்ன வேஷத்துக்குக் கூப்பிடுவார்கள்?" என்று அன்றைக்குத்தான் கேட்டாள். ரஹ்மான் இசையமைத்த நாடகம் 2004இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடைக்கு வந்தது. அப்போது இவள் பிறக்கவே இல்லை. அதைத் தவிர அவளிடம் சொல்வதற்கு என் கையில் என்ன இருக்கிறது?

சரி, மாமா விஷயத்துக்கு வருகிறேன். பிரீஸ்கிரீனில் வைல்ட் கார்டு என்று ஒரு வீடியோ உண்டு. அரை நிமிஷம், ஒரு நிமிஷம், உனக்குப் பிடித்த எதை வேண்டுமானாலும் செய் என்பார்கள். சில பிள்ளைகள் யூகுலேலே வாசிக்கும், சிலது கரணம் போடும். இவள் என்ன செய்தாள் தெரியுமா? கோடையில் உங்கள் திண்ணையில் மாமா ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தாரே, வள்ளி திருமண நாடகத்தில் வள்ளி குருவி விரட்டிப் பாடுகிற ஆலோலம், அதைப் பாடி அனுப்பிவிட்டாள். தாவணி கட்டி, கையில் கவண் மாதிரி ஒரு துணியைச் சுருட்டிக்கொண்டு, பேஸ்மெண்டையே தினைப்புனமாக்கிக் குருவி விரட்டினாள். எங்களிடம் சொல்லவே இல்லை. அனுப்பின பிறகுதான் தெரியும்.

பன்னிரண்டில் ஏழு இடம் நேரில் கூப்பிட்டது. நியூயார்க்கில் ஜனவரி கடைசியில் பல கல்லூரிகள் ஒரே சமயத்தில் ஆடிஷன் வைக்கும், யூனிஃபைட்ஸ் என்று பேர். எட்டாம் அவென்யூவில், பென் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே மாடி மாடியாக ஒத்திகைக் கூடங்கள். நீ அந்த நடையைப் பார்க்கவேண்டும். சுவரோரம் முழுக்கப் பதினேழு வயதுப் பிள்ளைகள், நெஞ்சில் எண் ஒட்டிக்கொண்டு, மடியில் கறுப்பு ஃபைல். பாதிப் பேர் தண்ணீர் பாட்டிலில் ஸ்ட்ராவை விட்டுக் குமிழி ஊதுகிறார்கள். குரலை இதமாகச் சூடேற்ற அது ஒரு வழி. ஒருத்தரும் ஒருத்தரைப் பார்க்கவில்லை. குமிழிச் சத்தம் மட்டும். பெற்றோர் நடையோடு சரி, உள்ளே விடமாட்டார்கள்.

உள்ளே ஒரு பியானோக்காரர் இருப்பார். அவர் இவளை அதற்கு முன் பார்த்ததில்லை. இவள் நோட்டுப் பக்கத்தை நீட்டி, எங்கே தொடக்கம், எங்கே வெட்டு, எந்த வேகம் என்று கால் நிமிஷத்தில் மெல்லப் பாடிக் காட்டவேண்டும். உடனே ஆரம்பம், ஒத்திகை கிடையாது. முதல் நாள் ஒரு கல்லூரியில் அதுதான் கவிழ்த்தது. இவள் சொன்ன வேகத்தைவிட ரொம்ப வேகமாக எடுத்துவிட்டார் அவர். நிறுத்தத் தெரியாமல் இவளும் பின்னாலேயே ஓடி, கடைசி ஸ்வரத்துக்கு மூச்சில்லாமல் போய்விட்டது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

அன்று ராத்திரி அவளே மாமாவின் பேச்சை எடுத்தாள். ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், மிருதங்கம் ஒரு ஊர், எல்லோரையும் தனித்தனியாகப் பேசிக் கூட்டி வருவார்கள், ஒத்திகையே இல்லாமல் மேடையில்தான் சந்திப்பார்கள் என்று மாமா சொன்னாராமே. "பாடுகிறவள் ஆர்மோனியம் வாசிக்கிற பின்பாட்டுக்காரன் முகத்தைப் பார்க்கவேண்டாம், மூச்சை அவன் காதில் விழுகிற மாதிரி எடுத்தால் போதும்" என்றாராம். அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் மறுநாள் போனாள். பாட்டுக்கு முன்னால் மூச்சை நன்றாகக் கேட்கிற மாதிரி இழுத்தாளாம். பியானோக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சரியாக அவளோடு சேர்ந்து விழுந்தாராம்.

நான் கதவுக்கு வெளியே. சுவர் மெல்லிசு. இரண்டு பாட்டும் முடிந்தது, மோனோலாக் முடிந்தது, இனி வந்துவிடுவாள் என்று கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். வரவில்லை. உள்ளே ஏதோ பேச்சு. அப்புறம் பியானோவில் இரண்டே ஸ்வரம், ஸாவும் பாவும், விட்டு விட்டு. அதன் மேல், கற்பகம், ஆலோலம்! தமிழில்! அந்த நடையில் குமிழி ஊதிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொருத்தராக ஊதுவதை நிறுத்தினார்கள். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார், நான் அழுதிருக்கிறேன் போல.

வீடியோவில் பார்த்தோமே, அதை நேரில் கேட்கவேண்டும் என்று மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் கேட்டார்களாம். யாரிடம் கற்றாய் என்றார்களாம். "என் அம்மாவின் சிநேகிதியுடைய அப்பா, ஐம்பது வருஷம் நாடக மேடையில் ஆர்மோனியம் வாசித்தவர்" என்று சொல்லியிருக்கிறாள். அதோடு விட்டாளா? சின்சினாட்டியில் இந்தப் படிப்பு 1968இல் தொடங்கியது, எங்கள் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பிள்ளைகளுக்குப் பாட்டும் நடிப்பும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க மதுரையில் பால சபை வைத்தது 1918இலேயே என்று பாடமே எடுத்துவிட்டாள். மாமாவின் மாணவிதான், சந்தேகமில்லை. நீ ஆண்டு விழாவில் நாரதராக வந்து தாடியைக் கையில் பிடித்துக்கொண்டு பாடிய கதையையும் சொல்லியிருப்பாளோ என்று எனக்குப் பயம்.

இதனால் இடம் கிடைத்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. அன்பாகக் கேட்டுவிட்டு இல்லை என்று எழுதுவார்கள், அப்படி நிறையப் பேருக்கு நடந்திருக்கிறது. மார்ச் கடைசிக்குள் எல்லாப் பதிலும் வந்துவிடும். மே 1க்குள் முடிவு சொல்லவேண்டும். என்னை அரிப்பது அந்த மார்ச் மாதம்தான். கணக்குப் பரீட்சையில் தோற்றால் கணக்கு வரவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். இங்கே அவள் குரல், அவள் முகம், அவள் நிற்கிற விதம், இதைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்கிறார்கள். வீடியோவோடு ஐந்து வேண்டாம் ஏற்கெனவே வந்தாகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் அவள் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு மாடிக்குப் போனதும், அரை மணி கழித்துப் பாட்டுச் சத்தம் கேட்டதும் எனக்கு மனப்பாடம். இன்னும் ஏழு வந்தால்?

அதனால் மாமாவிடம் கேள். யாரும் கூப்பிடாமல், நாடக நோட்டீஸில் தன் படம் வராத வருஷம் ஒன்று இருந்தது என்று ஒரு தடவை சொன்னார். அந்தச் சித்திரை, வைகாசியில் ராத்திரியெல்லாம் அவர் வீட்டில் என்ன செய்தார்? ஆர்மோனியத்தைத் திறந்தாரா, மூடியே வைத்தாரா? அதை யாழினியிடம் அவர் வாயாலேயே சொல்லச் சொல். நான் சொன்னால் ஆறுதலாகத்தான் இருக்கும், அவர் சொன்னால் அவள் நம்புவாள்.

அடுத்த சனிக்கிழமை பிட்ஸ்பர்க்கில் ஆடிஷன், காரில் ஆறு மணி நேரம். முந்தின ராத்திரியே போய்த் தங்குகிறோம், இவள் முறை காலை ஒன்பதுக்கு. அங்கேயும் ஆலோலம் கேட்டால் அந்த நேரத்தில் தொண்டை திறக்காதே என்று கவலைப்படுகிறாள். சுருதியை ஐந்தரைக் கட்டையிலிருந்து ஐந்துக்கு இறக்கிப் பாடலாமா, இல்லை மேலே போகிற இடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாமா என்று மாமாவிடம் கேட்டு வியாழக்கிழமைக்குள் அனுப்பு. அவரையே வாசித்துக் காட்டச் சொல்லி ரெக்கார்டு பண்ணி அனுப்பினால் இன்னும் நல்லது. ஃபேனை நிறுத்திவிட்டு ரெக்கார்டு பண்ணு, போன தடவை ஃபேன் சத்தம்தான் கேட்டது.

அன்புடன்,
வளர்மதி