ஒரே நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாட்டின் பழைய அநீதிகளைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எந்த அளவுக்குச் சொல்லலாம் என்பது குறித்துத் தங்கள் கடிதப் பகுதியில் வாசகர்கள் சிலர் எழுதிவருவதைப் படிக்கிறேன். ஆறிய புண்ணைக் கீற வேண்டாம், இளம் மனங்களில் கசப்பை விதைக்க வேண்டாம் என்பதே பெரும்பாலான கடிதங்களின் சாரம். அந்தக் கவலையை நான் பழிக்கவில்லை. ஆனால், புண் ஆறிவிட்டது என்று சொல்ல வேண்டியவர் அடிபட்டவரா, பக்கத்தில் நின்று பார்த்தவரா என்பதை ஒரு கடிதமும் கேட்கவில்லை.

சென்னைக்கு இந்த விவாதம் புதிதல்ல. 1857 எழுச்சியை ஒடுக்கியபோது வட இந்தியாவில் கொடூரமான பழிவாங்கலை நடத்திய கர்னல் நீலுக்கு நம் மவுண்ட் ரோட்டில் சிலை இருந்தது. அதை அகற்றக் கோரி 1927இல் தொண்டர்கள் சத்தியாக்கிரகம் செய்து சிறை சென்றார்கள். 1937இல் ராஜாஜி அமைச்சரவை பதவியேற்ற பிறகு சிலை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதை உடைத்துப் போடாமல், யார் இவர், ஏன் இங்கே வந்தார் என்று கேட்கும்படி வைத்தது எனக்கு இன்றும் பிடித்த முடிவு. அந்நியர் செய்த கொடுமையில் நம் நினைவு இவ்வளவு கூர்மையாக இருக்கிறது. நம்மவர் நம்மவருக்குச் செய்தது என்று வரும்போதுதான் மறதி பெருந்தன்மை ஆகிவிடுகிறது.

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்டுச் சங்கமாகத் திரண்ட தலித் விவசாயத் தொழிலாளர்களின் குடும்பத்தினர் உயிருக்குப் பயந்து புகுந்திருந்த குடிசைக்குத் தீவைக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளுமே பெரும்பாலோராக 44 பேர் கருகி மாண்டார்கள். கீழ் நீதிமன்றம் தண்டித்த மிராசுதாரர்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 1973இல் விடுவித்தது. பெரும் நிலவுடைமையாளர்கள், அதிலும் கார் வைத்திருப்பவர்கள், வேலையாட்களை விட்டுவிட்டுத் தாங்களே நடந்துபோய்த் தீவைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருள்பட அந்தத் தீர்ப்பு எழுதப்பட்டது. ஆகவே இதைத் தஞ்சாவூர்க் கதை என்று சென்னைவாசிகள் ஒதுக்கிவிட முடியாது. பாரிமுனையில் பேருந்துக்குக் காத்திருக்கும்போது நாம் நிமிர்ந்து பார்க்கும் அதே செங்கல் கட்டடத்திலிருந்து வந்த தீர்ப்பு அது.

இதைப் படிக்கும் மாணவருக்கு நாட்டின் மீதே நம்பிக்கை போய்விடாதா என்று கேட்பார்கள். இத்துடன் நிறுத்திவிட்டால் போகக்கூடும். அதனால்தான் வாச்சாத்தியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்கிறேன்.

1992 ஜூன் 20 அன்று, தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள், கடத்தல் சந்தனக் கட்டைகளைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறையினரும் காவல் துறையினரும் வருவாய்த் துறையினரும் நுழைந்தார்கள். ஊரே அடித்து நொறுக்கப்பட்டது. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். பெண்களையும் குழந்தைகளையும் சிறையில் அடைத்தார்கள். அரசுத் தரப்போ அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சாதித்தது. பழங்குடி மக்கள் சங்கத்தினரும் மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ. நல்லசிவனும் விடாமல் நீதிமன்றப் படி ஏறியதால், 1995இல் உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐ விசாரணைக்கு அனுப்பியது. எழுதப் படிக்க வாய்ப்பில்லாத பெண்கள் அடையாள அணிவகுப்பில் சீருடைக்காரர்களை நேருக்கு நேர் சுட்டிக்காட்டினார்கள். நாட்டுப்பற்றுக்குப் பாடநூலில் எடுத்துக்காட்டுத் தேடுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை என்னால் காட்ட முடியாது.

குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே இறந்துபோனார்கள். மீதமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களது மேல்முறையீடுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் தள்ளுபடி செய்தது. தீர்ப்புக்கு முன் நீதிபதி அந்தக் கிராமத்துக்கு நேரில் போய்ப் பார்த்தார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும், அன்றைய மாவட்ட ஆட்சியர் உள்ளிட்ட உயர் அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டார்.

1973இலும் 2023இலும் தீர்ப்புச் சொன்னது ஒரே நீதிமன்றம். இடையில் ஐம்பது ஆண்டுகள். காலம் தானாகவே அந்த நீதிமன்றத்தை மாற்றிவிட்டதாக நான் கருதவில்லை. சாட்சி சொன்னவர்கள் பின்வாங்கவில்லை, வழக்கை எடுத்தவர்கள் சலிக்கவில்லை. வாச்சாத்தியிலும் முதல் தண்டனைக்கு 19 ஆண்டுகள் ஆயின. அந்தக் காத்திருப்பின் வலியை அந்த ஊர்க்காரர்களே நன்கு அறிவார்கள். எதுவுமே மாறாது என்று எழுதுகிற வாசகர்களிடமும் இதனால்தான் எனக்கு உடன்பாடில்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட செய்தியைப் படித்தவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். எனினும், கீழவெண்மணிக்கு மறு ஆண்டே விவசாயத் தொழிலாளருக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்ததையும் கணக்கில் கொள்ள வேண்டும். இறந்தவர்களுக்கு அது ஈடாகாது. உயிரோடு இருந்தவர்கள் கேட்டது அந்தக் கூலியைத்தான்.

கசப்பைப் பற்றி ஒரு வரலாற்று ஆசிரியனாக இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். இத்தகைய கதைகளை வீட்டில் கேட்டே வளர்ந்த பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள். பாடநூலில் அதைப் பற்றி ஒரு வரியும் காணாதபோது, தன் பாட்டி சொன்னது பொய்யோ என்று அந்தப் பிள்ளை ஐயப்படுகிறது, அல்லது பள்ளிக்கூடம் பொய் சொல்கிறது என்று முடிவுசெய்கிறது. பக்கத்து இருக்கைப் பிள்ளைக்கோ அப்படியொரு கதை இருப்பதே தெரிவதில்லை. இந்த இருவரும் ஒரே வகுப்பில் ஒன்றாக உட்கார்ந்து அந்த இரண்டு தீர்ப்புகளையும் படிக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

எனவே, 1973, 2023 தீர்ப்புகளின் முக்கியப் பகுதிகளை எளிய தமிழில் பெயர்த்து, மேல்நிலை வகுப்பு வரலாற்றுப் பாடத்தில் அடுத்தடுத்து வைக்குமாறு பள்ளிக் கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். பாலியல் வன்கொடுமை பற்றிய பகுதிகளைப் பதினாறு வயதினருக்கு எப்படிச் சொல்வது என்பதில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தேவைப்படும். அதற்கு அஞ்சிப் பாடத்தையே தவிர்த்துவிடக் கூடாது. துறை முடிவெடுக்கும் வரை காத்திராமல், தங்கள் நாளிதழே ஞாயிறு இணைப்பில் இவ்விரு தீர்ப்புகளையும் தமிழில் தொடராக வெளியிட்டால், ஆசிரியர்கள் பலர் கத்தரித்து வகுப்புக்கு எடுத்துச் செல்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
அயனாவரம், சென்னை.