கம்பியும் கைப்பேசியும்

ஆசிரியருக்கு, கம்போடியாவில் வீட்டு இணையம் குறைவாக இருப்பதற்கு மக்களுக்கு ஆர்வமில்லாததே காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். வியட்நாமில் 100 பேருக்கு 20-க்கும் மேல் நிலையான அகன்ற அலைவரிசை இணைப்புகள் (வீட்டுக்குக் கம்பிவழி வரும் இணையம்), பக்கத்துக் கம்போடியாவில் ஒற்றை இலக்கம்தான். இருபது குறைவு என்று நினைக்கவேண்டாம், ஓர் இணைப்பை வீடே பகிர்கிறது (சிங்கப்பூரில் நம் வீவக அடுக்குமாடி வீட்டைப்போலத்தான்).

வியட்நாமில் வியட்டெல், விஎன்பிடி போன்ற அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கிராமம்வரை கண்ணாடியிழைக் கம்பி இழுத்தன. கம்போடியாவிலோ போருக்குப் பிறகு வீட்டுத் தொலைபேசிக்கே கம்பி அதிகம் கிடையாது, 1993லேயே கைப்பேசி அதை முந்திவிட்டது, அப்புறம் யார் கம்பி இழுப்பார்கள்? ஆகவே மக்களுக்கு ஆர்வமில்லை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. என்னோடு வேலை பார்க்கும், கம்போடியத் தலைநகரான புனோம்பென்காரர் தினமும் மதியம் ஊரிலிருக்கும் அம்மாவோடு காணொளியில்தான் பேசுகிறார். பாதியில் அம்மாவின் டேட்டா தீர்ந்துவிடும், இவர் இங்கிருந்தே டாப்அப் செய்துவிட்டு மறுபடி அழைப்பார், அதற்குள் சோறு ஆறிவிடும்.

- வாசகர், ஈசூன்