டென்வரிலிருந்து வருபவர்கள்

ஃப்ரீமான்ட்,
27 ஜூலை 2025

அன்புள்ள முரளி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. உங்கள் நியூயார்க் பேஸ்பால் அணி யாங்கீஸ், மூன்றாம் பேஸில் நின்று பந்து தடுக்கக் கொலராடோ அணியின் ரயன் மெக்மானை வாங்கலாமா கூடாதா என்று மூன்று பக்கம் பொரிந்து தள்ளியிருந்தாய். நான் பேனாவைத் திறப்பதற்குள் வெள்ளிக்கிழமை அவரை வாங்கியே விட்டார்கள். தாலி கட்டி முடிந்த பிறகு ஜாதகம் பார்க்கிற கதைதான் இந்தப் பதில். ஆனாலும் கேட்டவன் நீ ஆயிற்றே.

முதலில் வீட்டுச் செய்தி. முழங்கால் தேவலை, மாடிப்படி ஏறுகிறேன். நீ தொட்டியில் கொடுத்த கறிவேப்பிலை இப்போது என் இடுப்பளவு வந்துவிட்டது. மற்றபடி சுகம்.

உன் கோபம் புரிகிறது. கொலராடோவில் இந்த வருடம் நூறு ஆட்டங்களில், பந்தை அடிக்க முடியாமலே 127 முறை ‘ஸ்ட்ரைக் அவுட்’. மட்டைச் சராசரி 0.217, அதாவது ஆயிரம் வாய்ப்பில் 217 நல்ல அடி. முப்பது வயது, ஒன்பதாவது சீசன். இனிமேல் தேறுவார் என்று சொல்லும் வயது தாண்டிவிட்டது. ‘இதற்கு ஏற்கெனவே அணியில் இருக்கும் நம் பெராசாவே அங்கே நின்றுவிட்டுப் போகட்டும்’ என்று எழுதியிருக்கிறாய். பெராசாவின் சராசரி 0.160-ஐக்கூடத் தொடவில்லை ஐயா. நம்முடைய பையன் என்றால் மட்டும் உனக்குக் கணக்கு மறந்துவிடுகிறது.

மெக்மானின் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. கொலராடோ அணியின் டென்வர் ஒரு மைல் உயரத்தில் இருக்கிற ஊர். காற்று மெலிதாக இருப்பதால் அடித்த பந்து அங்கே கூடுதல் தூரம் பறக்கும். எனவே அங்கிருந்து வருகிறவரின் எண்களில் பாதியைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும் என்பார்கள். அதே மெல்லிய காற்றில் வீசிய பந்து அதிகம் வளைவதும் இல்லை. அதையே பார்த்துப் பழகிய கண், வெளியூர் மைதானத்தில் வளைபந்து சட்டென்று விழும்போது தடுமாறுகிறது. ஊட்டியில் பருப்பு வேகவில்லை என்பதற்காகச் சமையல்காரரைத் துரத்திவிடுவாயா? கீழே வந்து சமைக்கட்டும், பார்ப்போம். உங்கள் டி.ஜே. லமேஹியூவும் டென்வரிலிருந்து வந்தவர்தானே? 2019-இல் அவரை இரண்டு வருடத்துக்கு 2.4 கோடி டாலர் கொடுத்து எடுத்தபோதும் நீ இப்படித்தான் முணுமுணுத்தாய். முதல் வருடம் 0.327 அடித்தார், அடுத்த வருடம் 0.364 அடித்து லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். அப்போது நீ தொலைபேசியில் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

எனக்கு இதில் சொந்த அனுபவமும் உண்டு. இன்றோடு சரியாகப் பதின்மூன்று வருடம். 2012 ஜூலை 27 அன்று எங்கள் சான் ஃப்ரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணி இதே டென்வரிலிருந்து மார்க்கோ ஸ்கூட்டாரோவை வாங்கியது. முப்பத்தாறு வயது. சராசரி 0.271, அந்த மைதானத்துக்கு அது பெரிய எண் இல்லை. இளம் பையன் கல்பர்சனைக் கொடுத்துவிட்டு இந்தக் கிழவரையா வாங்கினார்கள் என்று அன்று இரவு நான் சாப்பிடாமல் படுத்தேன். மீதி 61 ஆட்டங்களில் மனிதர் 0.362 அடித்தார்!

அக்டோபரில், உலகத் தொடருக்குப் போவது யார் என்று தீர்மானிக்க, செயின்ட் லூயிஸுடன் ஏழு ஆட்டத் தொடர். இரண்டாம் ஆட்டத்தில் அவர்கள் அணியின் மாட் ஹாலிடே சறுக்கி வந்து மோதியதில் ஸ்கூட்டாரோவின் இடுப்பு அடிபட்டது. தொடர் முடிந்தது என்றே நினைத்தேன். அவரோ திரும்பி வந்து தொடர் முழுவதற்கும் 0.500 அடித்தார். ஏழாம் ஆட்டத்துக்கு நானும் இவளும் போயிருந்தோம். மேல்தட்டு இருக்கை, ஒன்பதாவது இன்னிங்ஸ், 9-0. வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. ‘நம் ஊர் ஐப்பசி மழை இங்கே வந்துவிட்டது’ என்றாள் இவள், தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு. கீழே இரண்டாம் பேஸ் அருகே ஸ்கூட்டாரோ இரண்டு கைகளையும் விரித்து, முகத்தை அண்ணாந்து, வாயைத் திறந்து மழையைக் குடித்துக்கொண்டிருந்தார். கடைசிப் பந்து உயரே எழும்பி அவர் கையிலேயே வந்து விழுந்தது. அடித்தவர் யார்? அதே ஹாலிடே. பேஸ்பால் என்றால் என்னவென்றே தெரியாத இவள் அன்று எழுந்து நின்று விசிலடித்தாள். அடுத்து வந்த இறுதிப் போட்டியான உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில் பத்தாவது இன்னிங்ஸில் வெற்றி ரன்னைக் கொண்டுவந்ததும் ஸ்கூட்டாரோவின் அடிதான்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் யாரிடமும் விரும்பிச் சொல்வதில்லை. அந்த மகிழ்ச்சியில் அவருக்கு மூன்று வருடம், 2 கோடி டாலர் எழுதிக் கொடுத்தார்கள். முதல் வருடம் குறையில்லை, 0.297. பிறகு முதுகு போய்விட்டது. 2014 முழுவதும் ஐந்தே ஆட்டம். உங்கள் லமேஹியூ கதையும் அதுதானே? 0.364-இல் மயங்கி ஆறு வருடத்துக்கு 9 கோடி கொடுத்தார்கள். இந்த மாதம், 37-ஆவது பிறந்த நாளுக்குச் சில நாள் முன்பு, இன்னும் சுமார் 2.2 கோடி பாக்கி இருக்கும்போதே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆகவே தடுமாறுகிற ஆளை ஜூலையில் வாங்குவதில் எனக்குப் பயமில்லை. மெக்மானுக்கு ஈடாக இரண்டு இளம் பந்துவீச்சாளர்கள் போனதற்காக நான் அழப்போவதுமில்லை. என்னை உறுத்துவது மெக்மானோடு ஒட்டிக்கொண்டு வருகிற ஒப்பந்தம்: அடுத்த வருடம் 1.6 கோடி, அதற்கடுத்த வருடமும் 1.6 கோடி. ஸ்கூட்டாரோ இரண்டு மாத விருந்தாளியாக வந்தார். மெக்மான் குடித்தனம் நடத்த வருகிறார்.

‘மெக்மானுக்குப் பதில் அரிசோனாவின் யூஜெனியோ சுவாரெஸை வாங்கலாமே’ என்று கேட்டிருந்தாய். அவருடைய ஒப்பந்தம் இந்த சீசனோடு முடிகிறது. என் கணக்குப்படியே பார்த்தால் நீ சொன்னதுதான் சரி என்று ஆகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேலிக்கு வெளியே பறக்கவிட்ட அடிகளில், அதாவது ஹோம் ரன்களில், முப்பதைத் தாண்டிவிட்ட ஆளுக்கு அரிசோனா என்ன விலை சொல்லும் என்று யோசி. அவருடைய கையுறையும் மெக்மானுடையதும் ஒன்றல்ல. பந்தைத் தவறவிட்டே தோற்ற ஆட்டங்களைப் பற்றி ஜூன் முழுவதும் என்னிடம் புலம்பியது நீதானே? மட்டையை மறந்துவிட்டு, மெக்மான் இடது பக்கம் பாய்ந்து பந்தை எடுக்கும்போது கால்களை மட்டும் பார். எடுப்பதும் எறிவதும் ஒரே அசைவாக இருக்கும். இடது கை மட்டையாளர் வேறு, இழுத்து அடித்தால் பந்து வலது பக்கம் போகும். உங்கள் மைதானத்தின் வலது மூலை 314 அடிதான். பத்துப் பந்தாவது அங்கே போய் விழாதா?

செப்டம்பரில் மகள் வீட்டுக்கு நியூ ஜெர்சி வருகிறோம். ஒரு ஆட்டத்துக்கு நான்கு டிக்கெட் எடுத்துவை. மூன்றாம் பேஸ் பக்கமாக, கீழ்த்தட்டில். இவள் இப்போதே பிளாஸ்டிக் பை எடுத்துவைத்துவிட்டாள்.

அன்புடன்,
ராஜா